செடி வளர்ப்புக்கு மெட்டல் ஹாலைடு விளக்கு

மெட்டல் ஹாலைடு விளக்கு (உலோக ஆலைடு விளக்கு) என்பது மின்வில்லால் ஒளிரும் ஒரு வாயு விளக்கு. இதன் உள்ளே இருக்கும் சிறிய குவார்ட்சு குழாயில் ஆர்கான் வாயு, பாதரசம் ஆகியவற்றுடன் சோடியம், ஸ்காண்டியம், தாலியம், இண்டியம், டிஸ்ப்ரோசியம் போன்ற சில உலோகங்களின் அயோடைடு உப்புகளும் அடைக்கப்பட்டிருக்கும். பாதரச ஆவி மட்டும் எரிந்தால் நீலப்பச்சை ஒளிதான் வரும். உப்புகள் ஆவியாகும்போது ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய நிறத்தைச் சேர்க்க, மொத்தத்தில் வெள்ளை ஒளி கிடைக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கில்பர்ட் ரெய்லிங் 1960களின் தொடக்கத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

விளையாட்டு மைதானங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் நீண்டகாலம் எரிந்தவை இவையே. எல்.இ.டி. வந்தபின் கழற்றப்பட்ட பழைய செட்டுகள் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி அறைக்குள் செடி வளர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் பல்பின் விலை இதில் மிகச் சிறிய செலவு.

திண்டிவனத்தில் செயற்கை ஒளி எதற்கு?

திண்டிவனம் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும். குளிர்காலத்தில் எட்டு மணி நேரப் பகலே காணும் வட ஐரோப்பாவுக்குப் பசுமைக்குடில் விளக்கு அவசியம். வேர்க்கடலையும் எள்ளும் விளையும் நமக்கு அந்த அவசியம் இல்லை. ஊரின் பெயரை டி.எம்.வி. என்ற எழுத்துகளால் பல ரகங்களுக்குச் சூட்டிய திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அந்த ரகங்களைச் சூரியனை நம்பித்தான் வயலில் சோதித்தது.

அப்படியானால் விளக்கு எங்கே தேவை? சன்னல் இல்லாத அறை, ஆய்வகத்தில் ஒளியைக் கட்டுப்படுத்திச் செய்யும் சோதனை, பருவத்துக்குக் காத்திராமல் ஆண்டுக்குப் பல தலைமுறை விதை எடுக்கும் துரித இனவிருத்தி ஆகியவற்றுக்குத் தேவை.

ஒரு வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஓசூர்ப் பக்கம் சாமந்திக்கு இரவில் சிறு பல்புகளை எரிப்பது செடிக்கு உணவு கொடுக்க அல்ல. சாமந்தி குறும்பகல் தாவரம். நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு விடும். இரவை ஒளியால் துண்டித்தால் பூப்பதைத் தள்ளிப்போட்டு இலையையும் தண்டையும் வளர்க்கிறது. அதற்கு மங்கலான ஒளியே போதும். 400 வாட் மெட்டல் ஹாலைடை அதற்குப் பயன்படுத்துவது வீண். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியது இதைவிடப் பல மடங்கு அதிகம்.

லூமனும் மைக்ரோமோலும்

பல்பு அட்டையில் லூமன் என்று இருக்கும். அது மனிதக் கண்ணுக்கான அளவு. கண் பச்சையை அதிகமாக உணரும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாக உணரும். இலைக்கோ சிவப்பும் நீலமும் முக்கியம். எனவே செடிக்கு 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும் ஒளித்துகள்களை எண்ணி, மைக்ரோமோல் என்ற அலகில் சொல்கிறோம். நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 2000 மைக்ரோமோல் அளவில் விழுகிறது.

36,000 லூமன் தரும் 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்பு நொடிக்கு ஏறத்தாழ 500 மைக்ரோமோல் தருகிறது. பிரதிபலிப்பானில் இழப்பு, பக்கவாட்டில் சிதறல் எல்லாம் போக, ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 300 வந்து சேர்ந்தாலே நல்லது. அந்த அளவில் 16 மணி நேரம் எரித்தால் நாளுக்குச் சுமார் 17 மோல் ஆகும். கீரைக்கும் லெட்யூசுக்கும் அது போதும். நம் மொட்டைமாடியில் அதே ஒரு சதுர மீட்டருக்கு, மேகமில்லாத நாளில், 35 முதல் 45 மோல் வரை இலவசமாகக் கிடைக்கிறது. வேர்க்கடலை கேட்பது இந்த வெயிலைத்தான்.

கையில் லக்ஸ் மானி இருந்தால், மெட்டல் ஹாலைடு ஒளிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாக வரும். வெயிலுக்கு வகுக்க வேண்டிய எண் 54.

எந்தப் பல்பு?

நிறவெப்பநிலை 4000 முதல் 6500 கெல்வின் வரை உள்ளதை எடுக்கலாம். நீலம் சற்று மிகுந்த இந்த ஒளியில் நாற்று ஒல்லியாக நீளாமல், கணுக்கள் நெருங்கிக் கட்டையாக வளரும். சோடியம் விளக்கைவிட மெட்டல் ஹாலைடை நாற்றுக்கும் கீரைக்கும் விரும்புவதற்குக் காரணம் இதுதான். 10,000, 20,000 கெல்வின் என்று போட்டவை கடல்மீன் தொட்டிக்கானவை. பீங்கான் குழாய் கொண்ட வகை கிடைத்தால் அது மேல். அதன் நிறம் நாளடைவில் குறைவாகவே மாறுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெல்சனும் பக்பியும் 2014இல் வெளியிட்ட அளவீட்டில் சிறந்த பீங்கான் வகை ஒரு ஜூலுக்கு 1.46 மைக்ரோமோல் தந்தது. அன்றைய சிறந்த எல்.இ.டி. 1.70 தந்தது. அதன்பின் எல்.இ.டி. வெகுதூரம் முன்னேறிவிட்டது. புதிதாகப் பணம் போட்டு வாங்குபவருக்கு எல்.இ.டி.தான் சரி என்பது என் கருத்து.

பழைய செட்டை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சோக். வாட் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஒரே 400 வாட்டிலும் வகைக்கு வகை மின்னோட்டமும் தொடக்க மின்னழுத்தமும் வேறுபடும். சோக், இக்னிட்டர், கெபாசிட்டர் மூன்றின் மேலும் அச்சிட்டிருப்பதைப் பல்பில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் பல்பு எரியாமல் போகலாம், சீக்கிரம் கெடலாம், வெடிக்கவும் செய்யலாம்.

அடுத்தது எரியும் நிலை. பி.யு. என்றால் அடிப்பாகம் மேலே இருக்கும்படி தொங்கவிட வேண்டும், பி.டி. என்றால் அடிப்பாகம் கீழே, எச்.ஓ.ஆர். என்றால் படுக்கை நிலை. தப்பாக மாட்டினால் நிறமும் ஆயுளும் கெடும். மூடிய கூட்டுக்கு மட்டும் என்று குறித்த பல்பைக் கண்ணாடி மூடி இல்லாமல் எரிக்கக் கூடாது. உள்குழாய் எரியும்போது மிகுந்த அழுத்தத்தில் இருக்கும். ஆயுள் முடிவில் அது உடைந்தால் சூடான துண்டுகள் செடியின் மேலும் ஆளின் மேலும் விழும். வெளிக்கண்ணாடி மட்டும் உடைந்தாலும் சில பல்புகள் தொடர்ந்து எரியும். அதில் வெளிவரும் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். உடனே அணைத்துவிட வேண்டும்.

மின்கட்டணம், வெப்பம், மின்தடை

சோக்கின் இழப்பையும் சேர்த்தால் 400 வாட் விளக்கு சுமார் 440 வாட் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 7 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 420 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. வழக்கமாக 200 யூனிட் செலவாகும் வீடு, ஒரு பாத்திக் கீரைக்காக அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறையின் வெப்பமாகவே முடிகிறது. சித்திரை வெயிலில் இது சிறு விஷயம் அல்ல. ஒரு டன் ஏ.சி.யின் குளிர்விக்கும் திறனில் எட்டில் ஒரு பங்கை இந்த ஒரு விளக்கே தின்றுவிடும். இலை கருகுகிறதே என்று விளக்கை உயர்த்தினால் ஒளி குறையும். இலை உயரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுடாத இடத்தில் நிறுத்துவது பழைய, எளிய வழி.

மின்சாரம் ஒரு நொடி போய்வந்தாலும் விளக்கு அணைந்துவிடும். குழாய் ஆறி அழுத்தம் குறைந்தபின்தான் மீண்டும் பற்றும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். பல்பு போய்விட்டது என்று அதற்குள் கழற்றப் போகக் கூடாது. 24 மணி நேரமும் எரிப்பவர்கள் வாரம் ஒருமுறை கால் மணி நேரமாவது அணைத்துவைக்க வேண்டும். ஆயுள் முடிந்த பல்பு எரியும்போது உடைவதைவிட, மறுபடி பற்றாமல் போவது பாதுகாப்பானது.

நாளுக்கு 16 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 5840 மணி நேரம். அதற்குள் ஒளி கணிசமாகக் குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். கழற்றிய பல்பில் பாதரசம் இருப்பதால் குப்பைத் தொட்டியில் போடாமல், உடையாதபடி அட்டையில் சுற்றி மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவைத்து, துடைப்பத்தால் பெருக்காமல், துண்டுகளைத் தடித்த காகிதத்தால் வாரி எடுக்க வேண்டும்.