ஆடுதசையில் மரச்சிம்பு

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையிலோ கிள்ளானிலோ தே தாரிக் குடித்தபடி சைக்கிளோட்டம் பற்றிப் பேச்செடுத்தால், ஒரு பெயர் கட்டாயம் வரும்: அஸிசுல்ஹஸ்னி அவாங். திரங்கானு மாநிலத்து டுங்குன் பையன்.

2011 பிப்ரவரி, மான்செஸ்டர் உலகக் கிண்ணம், கெய்ரின் இறுதிப் போட்டி. கெய்ரின் என்றால், முன்னால் ஒரு மோட்டார் வண்டி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அது விலகியதும் எல்லாரும் தோளோடு தோள் உரசிப் பாய்வார்கள். சக்கரம் சக்கரத்தில் பட்டால் போதும், கூட்டமே சரியும். அன்றும் சரிந்தது. ஓடுதளம் மரத்தாலானது. அதிலிருந்து பெயர்ந்த சுமார் 20 சென்டிமீட்டர் சிம்பு ஒன்று, அவருடைய இடது கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து நின்றது.

அவர் எழுந்தார். சைக்கிளில் ஏறினார். சிம்பு குத்தியிருந்த காலாலேயே மிதித்து எல்லைக்கோட்டைத் தாண்டி, மூன்றாம் இடத்தைப் பிடித்தார். அதன் பிறகுதான் மருத்துவமனை. மன உறுதி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கால் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. இரண்டு முறையும் தங்கத்தைக் கொண்டுபோனவர் பிரிட்டனின் ஜேசன் கென்னி. இடையில், 2017இல் ஹாங்காங்கில், அஸிசுல்ஹஸ்னி கெய்ரின் உலக வெற்றியாளர் ஆனார்.