இலவச மருந்து எடுத்தால் வீசா போய்விடுமா?

கடந்த ரமழானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து இலண்டனில் எங்கள் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஒரு நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிழக்கிலங்கையைச் சேர்ந்தவர். மனைவி 2023இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கான வீசாவில் வந்தவர். இவர் மனைவியின் வீசாவில் தங்கியிருப்பவர். சீனி வருத்தத்துக்குக் காலையும் மாலையும் குளிசை எடுக்க வேண்டியவர், பல மாதங்களாக ஒரு நேரம் மட்டும் எடுத்து வந்திருக்கிறார்.

"காசும் ஒரு பிரச்சினைதான். ஆனா இலவசமா எடுத்தா வீசா புதுப்பிக்கிற நேரம் பிடிச்சிருவாங்களாமே?" என்று கேட்டார்.

இதே கேள்வியை மாணவர்களிடமும் பிள்ளை பெற்ற தாய்மாரிடமும் பல தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை இங்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் பயத்தின் வேர். வேலை வீசா, மாணவர் வீசா, துணைவர் வீசா ஆகியவற்றில் வந்த பெரும்பாலானோருக்கு "பொது நிதியைப் பெறக் கூடாது" என்ற நிபந்தனை இருக்கிறது. பொது நிதி என்றால் அரசாங்கம் இலவசமாகத் தரும் எல்லாமே என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. எவை பொது நிதி என்று குடிவரவு விதிகளிலேயே பட்டியல் உள்ளது. யுனிவர்சல் கிரெடிட், பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட், வீட்டு வாடகை உதவி, உள்ளூராட்சி சபை வீடு போன்றவை அதில் அடங்கும். என்.எச்.எஸ். மருத்துவ சேவை அந்தப் பட்டியலில் இல்லை. மருந்துக் கட்டண விலக்கும் இல்லை. ஆகவே, உங்களுக்கு உரித்தான விலக்கைப் பெறுவது வீசா நிபந்தனையை மீறுவதாகாது.

அடுத்தது, இது இங்கிலாந்துக்கு மட்டுமே உரிய பிரச்சினை. வேல்ஸில் 2007 முதலும், வட அயர்லாந்தில் 2010 முதலும், ஸ்கொட்லாந்தில் 2011 முதலும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் 2024 மே மாதத்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் என்றானது. இரண்டு வகை மருந்தை மாதாமாதம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கில் வருடத்துக்கு 237.60 பவுண். வீசாவுக்காக வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணம் கட்டியவரும் இதைத் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

யாருக்கு விலக்கு? 16 வயதுக்கு உட்பட்டவர்கள், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினர், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், சான்றிதழ் பெற்ற கர்ப்பிணிகள், கடந்த 12 மாதங்களுக்குள் பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோருக்கு உண்டு. குளிசை அல்லது இன்சுலின் எடுக்கும் நீரிழிவு நோயாளிகள், தைரொயிட் குறைபாட்டுக்கு மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள் போன்றோருக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் சீனியை வைத்திருப்பவருக்கு இது கிடையாது. குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் கேட்டு இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் செல்லுபடியாகும். சீனிக் குளிசைக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் எழுதித் தரப்படும் எல்லா மருந்துக்கும் கட்டணம் இல்லை.

இவற்றில் எதிலும் சேராத, வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. முழு உதவிக்குத் தகுதி இருந்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும். பல் சிகிச்சைக்கும் கண் பரிசோதனைக்கும் கூட அது உதவும். இதுவும் பொது நிதி அல்ல. உள்துறை அமைச்சின் உதவியில் வாழும் புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு இது தானாகவே வழங்கப்படுகிறது. எதற்கும் தகுதி இல்லாதவர்கள் முற்பணச் சான்றிதழ் வாங்கலாம். 9.90 பவுண் கட்டணத்தோடு அதன் விலை மூன்று மாதத்துக்கு 32.05 பவுண், ஒரு வருடத்துக்கு 114.50 பவுண். மாதம் ஒரு மருந்து எடுப்பவருக்கே வருடச் சான்றிதழ் இலாபம்.

இனி, உண்மையில் பயப்பட வேண்டிய இரண்டு விடயங்கள்.

ஒன்று, பிழையான பெட்டியில் அடையாளம் இடுவது. பார்மசியில் அவசரத்தில், "எல்லாரும் போடுறதுதானே" என்று யுனிவர்சல் கிரெடிட் பெட்டியில் சிலர் அடையாளம் இட்டுவிடுகிறார்கள். அந்த உதவியை நீங்கள் பெறவில்லையென்றால் அது பொய். விலக்குகள் பின்னர் சரிபார்க்கப்படும். பிடிபட்டால் மருந்தின் விலையோடு 100 பவுண் வரை தண்டம் வரும். பொது நிதி பெற முடியாத ஒருவர், பொது நிதி பெறுகிறேன் என்று கையெழுத்து வைப்பதை யோசித்துப் பாருங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை காசு கட்டுங்கள். கட்டும்போதே எஃப்.பி.57 பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கினால், தகுதி உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இரண்டு, வைத்தியசாலைக் கடன். விசிட் வீசாவில் வரும் உம்மா, வாப்பா போன்றோர் பெரும்பாலான வைத்தியசாலை சிகிச்சைகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கடன் 500 பவுண் அல்லது அதற்கு மேல் கட்டப்படாமல் இருந்தால், அடுத்த வீசா விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இந்த விதியைத்தான் யாரோ அரைகுறையாகக் கேட்டு, இலவச மருந்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பில் வந்தால் ஒளிக்காமல், தவணை முறையில் கட்ட முடியுமா என்று உடனே வைத்தியசாலையிடம் பேசுங்கள்.

நான் சட்டத்தரணி அல்ல. மேலே சொன்னது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வீசா பற்றிய தனிப்பட்ட சந்தேகத்தை ஒரு சட்டத்தரணியிடமோ பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் வரும் குரல் பதிவை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

அந்த நானாவுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இப்போது இரண்டு நேரமும் குளிசை எடுக்கிறார். ஆனால் பரிசோதனையில் சிறுநீரகத்தில் சிறு பாதிப்பு ஆரம்பித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். குளிசையைக் குறைத்ததுதான் காரணமா என்று அவர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது இன்றே இதைச் சொல்லுங்கள்.