“உன்கூடப் பேச மாட்டேன், போ!”

“அப்பா வரட்டும், இருக்கு உனக்கு!” நம் வீடுகளில் இந்த மிரட்டலுக்கு ஆயுள் ஒரு சாயங்காலம்தான். அப்பா வந்து சட்டையைக் கழற்றி மாட்டி, காபி குடித்து முடிப்பதற்குள் அம்மாவின் கோபம் ஆறிவிடும்.

பயம் காட்டிப் போட்ட தடை எவ்வளவு நாள் நிற்கும்? அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஃப்ரீட்மன் 1965இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பார்த்தது. ஏழு முதல் பத்து வயதுவரையிலான சிறுவர்கள். எதிரே சில சாதாரண பொம்மைகள், நடுவில் பேட்டரியில் ஓடும் ஒரு ரோபோ. சிலரிடம், “ரோபோவைத் தொடாதே, தொடுவது தப்பு” என்று மட்டும் சோதனை நடத்தியவர் சொன்னார். மற்றவர்களை, தொட்டால் தனக்குப் பயங்கரக் கோபம் வரும் என்று மிரட்டினார். சொன்னவர் வெளியே போன சில நிமிடங்களில் இரு தரப்பிலும் அநேகமாக யாரும் ரோபோவிடம் போகவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் மிரட்டலுக்கும் பாஸ் மார்க் கிடைத்திருக்கும்.

சில வாரம் கழித்து வேறு ஒருவர் வேறு வேலையாக வந்து, அதே பொம்மைகளை எடுத்து விளையாடலாம் என்றார். மிரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரோபோவை எடுத்தார்கள். மென்மையாகச் சொல்லப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் எடுத்தார். பயந்த பிள்ளைக்கு, மிரட்டிய ஆளோடு தடையும் போய்விட்டது. பயப்படாத பிள்ளையோ, தொடாமல் இருந்ததற்குத் தனக்குள்ளேயே ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது என்பது ஃப்ரீட்மன் தந்த விளக்கம்.

அடி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப்பும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலரும் 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 குழந்தைகளின் தரவுகளை, 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதல், பெற்றோரோடு ஒட்டுதல் குறைவு. முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் அடித்ததால் நடத்தை திருந்தியது என்பதற்கு அந்தக் குவியலில் சான்று கிடைக்கவில்லை.

எனக்குக் கவலை தருவது, கையை ஓங்குவதை விட்டுவிட்ட வீடுகளில் அந்த இடத்துக்கு வந்திருக்கும் மௌனம். செல்போனை ஒளித்துவைத்து விளையாடிய எட்டு வயதுப் பையனிடம் அம்மா நாள் முழுக்கப் பேசுவதில்லை. தட்டில் தோசை விழுகிறது, முகம் மட்டும் திரும்புவதில்லை. அடிக்கவே இல்லையே என்ற நிம்மதி வேறு!

உளவியலாளர் எட் ட்ரானிக் 1970களில் செய்த சோதனையில், கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. ஒன்றும் பலிக்காமல் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. அந்த எட்டு வயதுப் பையனுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் போனைப் பிடுங்கி வைத்தால் அவன் இழப்பது போனை. பேச்சை நிறுத்தினால் இழப்பது அம்மாவை.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தபோது, எதையும் தடுக்காத பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் சுயக்கட்டுப்பாடு மிகக் குறைவாக இருந்தது. கண்டிப்பும் பாசமும் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகளே தேறினார்கள்.

ட்ரானிக் குழுவினர் இன்னொன்றையும் கவனித்தார்கள். நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமே. எனவே ஒரு நாள் கத்திவிட்டால் குடி முழுகிவிடாது. சமாதானத்தை மட்டும் பெரியவர்தான் தொடங்க வேண்டும்: கோபத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பையனுக்கோ எட்டு வயது. போன் இந்த வாரம் பீரோவிலேயே இருக்கட்டும். “தோசை ஆறுது, வாடா” என்று கூப்பிட அது தடையில்லை.