தறியும் திரையும்

காஞ்சி மாநகர் கோயில்களாலும் பட்டு நெசவாலும் புகழ் பெற்றது. ஏகாம்பரநாதர் திருக்கோயில் விளங்கும் பெரிய காஞ்சிபுரத்திலும், பிள்ளையார்பாளையத்திலும் நெசவாளர் இல்லங்கள் பல உண்டு. அங்குள்ள தறிகள் சிலவற்றின் மேல், துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குவதைக் காணலாம். துளை உள்ள இடத்திற்குரிய பாவிழை உயரும். துளை இல்லாத இடத்திற்குரியது உயராது. இவ்வாறே மயிலும் மாங்காயும் பட்டில் உருப்பெறுகின்றன. இப்பொறியைப் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அமைத்தார்.

நெசவாளர் மிதியை மிதிக்கிறார். வேண்டிய இழைகள் யாவும் தாமே எழுகின்றன. உள்ளே நிகழும் வேலை அரிது. வெளியே செய்யும் செயல் எளிது. கணிப்பொறித் திரையில் நாம் அழுத்தும் பொத்தானும் இத்தகையதே.

தொடக்க நாளில் கணிப்பொறியை ஆள்வது எளிதாக இல்லை. கட்டளைகளை மனப்பாடம் செய்து, எழுத்துப் பிழையின்றித் தட்டச்சிட வேண்டும். 1968ஆம் ஆண்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர், கையால் நகர்த்தும் சுட்டியைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். பின்னர்ச் சாளரங்களும் பொத்தான்களும் திரையில் தோன்றின. ஆயினும் அவற்றை அமைப்பது வல்லுநர்க்கே உரிய கடும் பணியாயிற்று. இக்குறையை நீக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அவுஸ்டர்ஹவுட், டிக்கிள் என்னும் எளிய நிரல்மொழியையும், அதற்குத் துணையாக டி.கே. என்னும் கருவித் தொகுதியையும் படைத்தார். பைதான் மொழியிலிருந்து அத்தொகுதியைப் பயன்படுத்த உதவுவது டிக்கிண்டர் ஆகும்.

இதனைக் கொண்டு சாளரம் அமைக்கும் முறையைக் காண்போம். சேலையில் ஒரு பூவேலைக்கு எத்தனை அட்டைகள் வேண்டும் என்று கணக்கிட விரும்புகிறோம். பூவின் உயரம் 5 அங்குலம். அங்குலத்திற்கு 60 ஊடை இழைகள் எனக் கொள்வோம். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வீதம் 300 அட்டைகள் வேண்டும்.

முதலில் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரத்தை எழுத ஒரு கட்டம், இழை எண்ணிக்கையை எழுத மற்றொரு கட்டம், ஒரு பொத்தான், விடை தோன்ற ஓரிடம் ஆகிய நான்கும் போதும். இவை தொகுதியில் ஆயத்தமாகவே உள்ளன. அடுத்து, அவற்றை வரிசை, நிரல் என்னும் முறையில் நிறுத்த வேண்டும். பூவேலைக்குக் கட்டத்தாளில் படம் வரைவதை இது ஒக்கும். மூன்றாவதாக, பொத்தானை ஒரு செயலோடு பிணைக்க வேண்டும். அழுத்தியதும் இரண்டு எண்களையும் பெருக்கி விடை காட்டுக என்பதே அச்செயல். இறுதியாக, காத்திருக்குமாறு நிரலுக்குக் கட்டளையிட வேண்டும். மிதி அழுந்தும் வரை தறி காத்திருப்பது போல, பொத்தான் அழுந்தும் வரை சாளரமும் காத்திருக்கும்.

இத்துடன் பணி முடிந்ததா? இல்லை. ஒருவர் எண்ணை எழுத மறந்து பொத்தானை அழுத்தினால் என்ன நேரும்? நாம் முன்னரே எண்ணிப் பாராவிடில், விடை வாராது. அவரோ தம்மிடமே குறை உள்ளதென்று மயங்குவார். "பூவின் உயரத்தை எழுதுக" என்று தெளிந்த தமிழில் சாளரம் வழிகாட்ட வேண்டும். பொத்தான்களின் பெயர்களையும் தமிழிலேயே எழுத இயலும். ஆங்கிலம் அறியாத முதிய நெசவாளர் ஒருவர், எவரையும் வினவாமல் தம் கணக்கைத் தாமே காண்பாராயின், அதுவே அச்சாளரத்தின் வெற்றியாகும்.

மாணவர்களே! நல்ல தறி நெய்பவர் கைக்கு இசைந்து நடக்கும். நல்ல திரையும் அவ்வாறே. கருவி செய்வோர் தம் அறிவை மட்டும் கருதினால் போதாது. அதனைக் கையாள்வோரின் நிலையையும் கருத வேண்டும். அக்கருத்தே கல்விக்கு அழகு.