பழைய மோட்டார்ப் படகைப் புதுப்பித்தல்

மரப் படகின் கேடு கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி இழைப் படகின் கேடோ செவிக்கே தெரியும். வலப்பனைக்கு வடக்கே, 1986இல் எழுந்த ரந்தெனிகலை நீர்த்தேக்கத்தைக் கண்டு, மலிவான பழைய மோட்டார்ப் படகொன்றை வாங்கிக் குடும்பத்துடன் நீரில் இறங்க ஆசைப்படுவோர், சாயத்தை நினைக்குமுன் ஒரு சிறு மரச்சுத்தியலை எடுத்தல் வேண்டும். (சரணாலய எல்லையாகையால் அங்கே அனுமதியும் வேண்டும்.) இயந்திரம் தொங்கும் பின்பலகையைத் தட்டினால் ‘டக்’கென்று தெளிவாக ஒலிக்கவேண்டும். ‘பொத்’தென்று மந்தமாக ஒலிப்பின், இழைப்போர்வைக்குள் இருக்கும் மரம் நீரூறி உளுத்திருக்கக்கூடும். அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினும் பயனில்லை. வேகமெடுக்கும் வேளையில் இயந்திரம் பலகையோடு பெயர்ந்துவிடலாம்.

உளுத்த மரத்தை அகற்றியபின் படகை நன்கு உலர்த்தவேண்டும். மலைநாட்டார்க்குச் சோதனை இங்கேதான். பொலியெஸ்டர்ப் பிசினுடன் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு இறுக்குந் திரவம் சேர்ப்பது வழக்கம். ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே அக்கலவை சரிவர இறுகாது. ஈரத்தில் ஒட்டவும் ஒட்டாது. நுவரெலியாவின் இரவுக் குளிர் இதற்கு ஆகாது. வலப்பனை தாழ்வான இடமாதலால் வெப்பம் போதும். ஆயினும் மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை வேலைக்கு இடந்தராது. அட்டன் பக்கம் தென்மேற்கு மழையில் நனையும் ஆடி, ஆவணியிலே கிழக்குச் சரிவு பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அதுவே ஏற்ற காலம்.

பழுதின் ஓரத்தை அதன் ஆழத்தைப்போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவாகத் தேய்த்து, இழைப்பாயை அடுக்கடுக்காக ஒட்டுவர். தேய்க்கும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு, முகக்கவசம் அவசியம். முதல் ஓட்டத்தில் பிள்ளைகளை ஏற்றாது, கரையோரமாகவே ஓட்டிப் பார்க்கவேண்டும்.