செர்ரி காப்ளர் செய்யலாம், நம்ம ஊர் பிளம்ஸிலும் செய்யலாம்



கொடைக்கானல் மலைக் குழுக்களுக்குப் போனால் இப்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "தங்கும் விடுதிக்கு வர்றவங்க காப்ளர் இருக்கான்னு கேக்குறாங்களாமே, அது என்னங்க? நாம செய்ய முடியுமா?" செய்ய முடியும். இட்லிக்கு மாவு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் அதை நம்பி ஓவன் வாங்கலாமா, அதற்குக் கடன் எடுக்கலாமா என்பதற்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு குழுக்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டதால், முதலில் பண்டம் என்ன என்று முழுசாகப் பார்த்துவிடுவோம்.

காப்ளர் என்பது அமெரிக்க நாட்டு வீட்டுப் பலகாரம். அடியில் சர்க்கரை சேர்த்த பழம். மேலே கரண்டி கரண்டியாக வைத்த கெட்டி மாவு. இரண்டும் ஒன்றாக அடுப்பில் வேகும். பழம் சாறு விட்டுக் கொதித்துக் கூழாகும், மாவு உப்பி மேலே பொன்னிறமாகும். இது கேக் இல்லை, கேக்கில் பழம் மாவுக்குள் கலந்திருக்கும். இதில் பழம் கீழே தனியாக, மாவு மேலே தனியாக நிற்கும். சூடாகக் கரண்டியால் அள்ளி வைத்து, மேலே ஐஸ்கிரீமோ பாலாடையோ போட்டுச் சாப்பிடுவார்கள்.

1800-களில் அந்த நாட்டில் மேற்கே குடியேறப் போனவர்களிடம் வண்டியில் ஓவன் இல்லை. கனமான இரும்புச் சட்டி இருந்தது. சட்டிக்கு அடியில் தணல், விளிம்பு வைத்த மூடியின் மேலும் தணல். அதிலேதான் ரொட்டியும் சுட்டார்கள், காப்ளரும் செய்தார்கள். படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம்ம ஊரில் பிரியாணிக்குத் தம் போடும் முறையும் இதேதான்! ஓவன் இல்லாமல் பிறந்த பண்டம் இது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் பற்றிப் பேசும்போது உதவும்.

எது செர்ரி, எது செர்ரி இல்லை?

அமெரிக்காவில் காப்ளருக்கு விரும்பி எடுப்பது புளிப்புச் செர்ரி. மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரை ஓரமாக அதிகம் விளைகிறது. ஜூலையில் அறுவடை. அப்படியே தின்ன முடியாத புளிப்பு, ஆனால் சர்க்கரை சேர்த்து வேக வைத்தால் அதுதான் ருசி. நம் நாட்டில் காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளைவது பெரும்பாலும் இனிப்புச் செர்ரி. மே முதல் ஜூலை வரை சின்னப் பெட்டிகளில் வரும், விலை கூடுதல். செர்ரி மரம் பூக்க வேண்டும் என்றால் பனிக்காலத்தில் நீண்ட நாள் கடுங்குளிர் வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் அது பயிராக இல்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் தேன்பழத்தைச் சிங்கப்பூர் செர்ரி என்று சொல்வார்கள். அது வேறு மரம்.

அப்படியானால் பேக்கரியில் கேக் மேலும் பன் மேலும் சிவப்பாக இருக்கிறதே, அது? பெரும்பாலும் அது நம்ம களாக்காய்! ஊறுகாய் போடுகிறோமே, அதே களாக்காய். விதையை எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, வேக வைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் நாள் கணக்கில் ஊற வைத்து எடுப்பது. முறைப்படி செய்தால் தப்பில்லை. ஆனால் இதை வைத்துக் காப்ளர் செய்யாதீர்கள். அதில் சாறும் கிடையாது, புளிப்பும் கிடையாது, சாயம்தான் மாவில் இறங்கும்.

சாயம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்தது பரிசோதனையில் தெரிந்ததால் வந்த தடை அது. பழம் சிவப்பாகத் தெரியட்டும் என்று கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயர் இல்லாத கலர்ப் பொடியைப் போடுகிற வழக்கம் நம் குழுப் பண்டங்களில் வேண்டவே வேண்டாம். செர்ரிக்கும் பிளம்ஸுக்கும் தன் நிறமே போதும்.

செய்முறை

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ செர்ரி. கொட்டை எடுத்த பிறகு ஏறக்குறைய 850 கிராம் நிற்கும். கொட்டை எடுக்கப் புதுக் கொண்டை ஊசி ஒன்றைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்து, காம்பு இருந்த இடத்தில் வளைந்த பக்கத்தை விட்டு நெம்பினால் வந்துவிடும். கொட்டையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. செர்ரி, பிளம்ஸ், பீச்சிஸ் எல்லாவற்றின் பருப்பிலும் உடைத்தால் சயனைடு என்ற விஷமாக மாறும் பொருள் இருக்கிறது. வாசனைக்கு என்று யார் சொன்னாலும் சேர்க்காதீர்கள்.

பழத்துக்கு 150 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி சோளமாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. புளிப்புச் செர்ரி கிடைத்தால் சர்க்கரை 200 கிராம், எலுமிச்சை தேவையில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு, சாறு விட்டுக் கொதி வந்து லேசாகக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

மேல் மாவுக்கு 200 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்து, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, விரல் நுனியால் உதிர்த்து விடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே இருக்கட்டும், முழுக்கக் கரைக்க வேண்டாம். பிறகு 150 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றிக் கரண்டியால் நாலு கிளறு கிளறினால் போதும்.

இந்த இடத்தில்தான் நம் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்கள். கை பழகிய பழக்கம், மாவைப் பார்த்தால் பிசையத் தோன்றுகிறது. பரோட்டா மாவை அடித்து அடித்துப் பிசைவது எதற்கு? மைதாவில் இருக்கும் பசை இழுவை பிடிக்க வேண்டும், கிழியாமல் வீச வர வேண்டும் என்பதற்காக. இங்கே அந்த இழுவையே கூடாது. பிசைந்தால் மேல் பாகம் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சொரசொரப்பாக, அழகில்லாமல் இருக்கும் மாவுதான் சரியான மாவு. வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அந்தச் சின்னக் கட்டிகள் சூட்டில் உருகும்போது விடும் நீராவி மாவைப் பிரித்து நொறுநொறுப்பாக்கும். முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. மலையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். கீழே வத்தலக்குண்டுப் பக்கம் உள்ளவர்கள் வெண்ணெயை வெட்டி ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பவுடர் ஈரம் பட்ட உடனே வேலையை ஆரம்பித்துவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். பழைய டப்பாவா என்று சந்தேகம் இருந்தால், அரைக் கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள். சுறுசுறு என்று பொங்கினால் நல்லது, சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள். சமையல் சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். பாலுக்குப் பதில் மோர் ஊற்றினால் மட்டும் கால் தேக்கரண்டி சோடா சேர்க்கலாம்.

பழம் சூடாக இருக்கும்போதே அதன் மேல் மாவைக் கரண்டி கரண்டியாக வையுங்கள். இடைவெளி இருக்கட்டும், நீராவி அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். முழுக்க மூடிவிட்டாலோ பழம் ஆறிப் போயிருந்தாலோ மாவின் அடிப்பாகம் வேகாமல் களி மாதிரி நிற்கும். ஓவனில் 190 முதல் 200 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம். மேலே நிறம் வந்ததை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். இடைவெளிகளில் பழச்சாறு நடுவிலும் கொப்பளிக்க வேண்டும், ஒரு மாவு உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் அடி ஈரமாக இருக்கக் கூடாது. எடுத்து அரை மணி நேரம் ஆற விட்டால் சாறு கெட்டியாகும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: அடி கனத்த பெரிய பாத்திரத்தில் ஒரு அங்குலம் சுத்தமான காய்ந்த மணல் பரப்பி, அதன் மேல் வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு காப்ளர் பாத்திரத்தை உள்ளே இறக்கி, மூடி, மிதமான தீயில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கீழிருந்து மட்டும் சூடு வருவதால் மேலே வெளுப்பாகத்தான் இருக்கும். தகர மூடி போட்டு மேலே தணல் அள்ளி வைத்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் நிறம் வந்துவிடும். பிரஷர் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் காய வைத்தால் குக்கர் கெட்டுப்போகும்.

நம்ம பிளம்ஸ்

எங்கள் எண்ணப்படி, விலை கொடுத்துச் செர்ரி வாங்குவதைவிட நம் தோட்டத்துப் பிளம்ஸ்தான் இந்தப் பண்டத்துக்கு ஏற்றது. புளிப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது, செர்ரிக்கு நெருங்கிய சொந்தமும் கூட. தோலை உரிக்க வேண்டாம், நிறமும் புளிப்பும் அதில்தான். சாறு அதிகம் என்பதால் சோளமாவு 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 200 கிராம், எலுமிச்சை வேண்டாம். மாவு அளவு அதேதான். பிளம்ஸ் முடிந்த பிறகு பேரிக்காயில் செய்யலாம். நாட்டுப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும், நறுக்கிக் கொஞ்சம் தண்ணீரில் மென்மையாகும் வரை முதலில் வேக வைத்து, எலுமிச்சை சேர்க்க வேண்டும்.

சீசனில் வியாபாரி ஒதுக்கித் தள்ளும் பழம் நம் பக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பெட்டியில் போகாத பழம் அடுப்பில் காசாகும். ஆனால் அடிபட்ட பழம் வேறு, அழுகிய பழம் வேறு. அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுச் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்தது, புளித்த வாடை வருவது, புழு இருப்பது எல்லாம் மாட்டுக்குக் கூட வேண்டாம், குழியில் போடுங்கள். பூஞ்சை விடும் நஞ்சு வேக வைத்தாலும் முழுசாகப் போகாது.

ஓவனுக்குக் கடன் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காப்ளர் அன்றைக்குச் செய்து அன்றைக்கே விற்க வேண்டியது. மறுநாள் மேல் மாவு சாற்றில் ஊறித் தொளதொளத்துவிடும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் கெடாமல் இருக்கலாம், ஆனால் யாரும் காசு கொடுத்து வாங்கும் பதத்தில் இருக்காது. கண்காட்சியில் மூன்று நாள் கடை போட்டு விற்கும் பொருளே இல்லை இது. வார இறுதிக்கு விடுதிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் செய்து கொடுப்பது, அதுவும் பழம் கிடைக்கும் சில மாதங்கள். ஆனால் கடன் தவணை பன்னிரண்டு மாதமும் வரும், அக்கா! மாதா மாதம் வட்டி கட்டும் பெண்ணுக்கு டிசம்பரில் பிளம்ஸ் எங்கிருந்து வரும்?

முதலில் மணல் பாத்திரத்தில் ஒரு சீசன் செய்து பார்க்கட்டும். அதற்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். பழம் நம் தோட்டத்தது என்றாலும் அன்றைய சந்தை விலையை எழுதுங்கள். ஒதுக்கிய பழம் என்றால் அதற்கு வியாபாரி கொடுக்கும் அடிமாட்டு விலையையாவது எழுதுங்கள். கொட்டை எடுக்க இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது கூலி, அதையும் எழுதுங்கள். கேஸ் எவ்வளவு ஆகிறது என்று ஒரு தடவை எடை போட்டால் தெரியாது. சிலிண்டரைக் காய்கறித் தராசில் வைத்து, பத்துத் தடவை செய்த பிறகு மறுபடி வைத்து, வித்தியாசத்தைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இது சோதனைக்குத்தான். விற்பனைக்குச் செய்யும்போது வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் குழுவின் பெயரில் பதிவும் எடுக்க வேண்டும். விடுதிக்காரர் கேட்கவில்லை என்றாலும் எடுங்கள். ஏதாவது வயிற்று வலி என்று பேச்சு வந்தால் முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான்.

இந்தக் கணக்கோடு பிளம்ஸ் ஜாம் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜாம் சரியாகக் காய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், கடையில் வைத்து விற்கலாம், ஓவன் தேவையில்லை. சீசனில் வரும் பழத்தில் பெரும்பகுதி ஜாமுக்கும், விடுதி ஆர்டர் வந்தால் மட்டும் காப்ளருக்கும் என்று பிரித்துக்கொள்வது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் குழுவுக்கு வேறு மாதிரி வரலாம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்த நோட்டைக் கையோடு கொண்டு வாங்க. ஓவன் தீர்மானத்தை அதைப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். செய்து பார்க்க விரும்பும் குழுக்கள் முன்னதாகச் சொன்னால், பெரிய பாத்திரமும் வளையமும் நாங்கள் கொண்டு வருகிறோம். மணல் மட்டும் நீங்கள் சலித்துக் கழுவிக் காய வைத்திருங்கள்.