தையல் தாவுகிறதா? முதலில் ஊசியைப் பாருங்கள்!

"இந்த மிசினப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேன், டீச்சர்!"

என் மாணவி ஒருத்தியின் தாயார் இப்படிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. காலால் மிதிக்கும் அந்தத் தையல் இயந்திரம், அவருடைய அம்மா பால்மரம் வெட்டிய சம்பளத்தில் மாதத் தவணை கட்டி வாங்கியது.

மூத்த மகள் கேமரன் மலைக்கு வேலைக்குப் புறப்படுகிறாள். அங்கே இரவில் குளிர் 16 டிகிரிக்கு இறங்கும். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுச் சேர்த்து, நடுவே பழைய கம்பளியை வைத்து, மகளுக்கு ஒரு போர்வை தைக்க நினைத்தார் தாய். ரவிக்கை தைக்கும்போது ஒழுங்காக ஓடிய இயந்திரம், போர்வையில் நாலு தையலுக்கு ஒன்றைத் தாவியது. நூலை இறுக்கினார், தளர்த்தினார். மூன்று இரவும் தைத்ததும் பிரித்ததும்தான் மிச்சம். ஞாயிறு காலை பஸ்.

ஊசியைக் கழற்றி, அதன் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். முனை சாய்ந்திருந்தது. அது ரவிக்கை தைக்கும் 11ஆம் நம்பர் ஊசி. 16ஆம் நம்பர் புது ஊசி போட்டோம். தையல் வரிசையாக விழுந்தது!

காரணம் என்ன? ஊசி கீழே இறங்கி மேலே திரும்பும்போது, அதன் கண்ணருகே நூல் சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தில் நுழைந்து, மேல்நூலைப் பாபின் நூலோடு பின்னுகிறது. 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் உரிமம் பெற்ற இயந்திரம் முதல் இன்றைய மின்சார இயந்திரம் வரை அடிப்படை இதுதான். கனத்த துணியில் மெல்லிய ஊசி வளைந்துவிடும். துணியும் ஊசியோடு எழும்பும். வளையம் சரியாக விரியாது. ஷட்டில் அதைத் தவறவிடும். தாவிய இடத்தில் நூல் நீளமாகத் தொங்கும். கால்விரல் மாட்டினால் அறுந்துபோகும்.

ஆகவே சகோதரிகளே, கீழ்க்கண்டவற்றை வரிசையாகக் கவனியுங்கள்:

1. ஒவ்வொரு போர்வைக்கும் புது ஊசி போடுங்கள். கனத்த துணிக்கு 14 அல்லது 16ஆம் நம்பர் ஏற்றது.

2. ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித் திருகாணியை முடுக்குங்கள். நூல் நுழையும் பக்கத்தில் ஊசியின் நீண்ட பள்ளம் இருக்கவேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே.

3. துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு நூல் கோருங்கள். அப்போதுதான் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காரும்.

4. ஷட்டிலைச் சுற்றியும் பல்லின் அடியிலும் சேர்ந்த பஞ்சைச் சிறு தூரிகையால் எடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

5. புதுத் துணியானால் கஞ்சி போக அலசிக் காயவையுங்கள். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நூலோட்டிக்கொள்ளுங்கள்.

6. அழுத்தும் கால் தளர்ந்திருந்தால் துணி எழும்பும், சற்றே முடுக்குங்கள். அங்குலத்துக்கு 8 தையல் போதும்.

7. போர்வையின் பாரம் தொங்கி ஊசியை இழுக்காதபடி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தாங்குங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். ஒட்டுகள் கூடும் தடித்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாவினால், ஷட்டிலின் முனை தேய்ந்திருக்கலாம். அல்லது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். அப்போது பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். தாவுகிற துணியின் துண்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு வேலை சுலபமாகும்.

சனிக்கிழமை இரவு போர்வை முடிந்தது. மறுநாள் காலை மகள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாட்டியின் இயந்திரம் சன்னல் ஓரத்திலேயே இருக்கிறது. அதன் இழுப்பறையில் இப்போது 16ஆம் நம்பர் ஊசிகள் இரண்டு, எண்ணெய்த் துணியில் சுற்றித் தயாராக இருக்கின்றன. உங்கள் இழுப்பறையிலும் இருக்கட்டும்!